பிடித்துத் தைத்த சட்டைகள்

மாவு மில்லில் வேலை பார்க்கிற ஆண்களில் ஒருவரையும் அந்தத் தெருவில் வெள்ளைச் சட்டையில் பார்க்க முடியாது. ஆறு நாளும் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை வெள்ளையாகத் திரிகிறவன் ஏழாவது நாளும் வெள்ளையில் வந்தால் அவன் குளித்தானா இல்லையா என்று யாருக்குத் தெரியும் என்பது அவர்கள் கட்சி. அந்த மாவு லேசுப்பட்டதும் இல்லை. புருவத்தில் உட்காரும், காது மடலுக்குப் பின்னால் பசையாகப் பிடிக்கும், வேர்வையோடு சேர்ந்து கழுத்தில் வரி வரியாகக் காயும். அதையெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புவார்கள் பாருங்கள், கருநீலம், அரக்கு, கரும்பச்சை என்று ஆளுக்கொரு நிறம். மில் வாசலிலிருந்து கடைத்தெருக் கடைசிவரை ஒரு நடை, திரும்பி ஒரு நடை. வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. நாலு பேர் பார்ப்பதற்காகப் போவதுதான்.

அந்த நடையில் முன்னால் போகிறவர் மடிப்பு. அவருடைய நிஜப் பெயர் மில்லின் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். உட்கார்ந்து எழுந்தாலும் சட்டை மடிப்பு கலையாது என்பதால் வந்த பெயர். மூட்டை தூக்குகிறவர். வயது ஐம்பத்திரண்டு. மீசையை வாரத்துக்கு ஒருமுறை சலூனில் கொடுத்து நேர்கோடு பிடித்துவிடுவார். தான் நடந்தால் தெரு ஒதுங்கி வழி விடுகிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. அதில் பாதி நிஜம்.

சட்டைகளைத் தைப்பது அவர் மனைவி. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், வெட்டுகிற மேஜை, ஆள் உயரக் கண்ணாடி, ஆடிக்கொண்டே சுற்றுகிற ஒரு ஃபேன். தெருவில் எல்லாரும் அவளை டெய்லரம்மா என்பார்கள். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஏன் மாட்டவில்லை என்று கேட்டால், "போர்டு எதுக்கு? அதான் தெருவுல மீசையோட நடந்துகிட்டு இருக்கே" என்பாள்.

எட்டு மாதமாக அந்த போர்டு இளைத்துக்கொண்டு வந்தது.

முதலில் பார்த்தவள் காஜாக்காரி. பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது, பொத்தான் தைப்பது, ஊர் வம்பை உடனுக்குடன் கொண்டு வருவது, மூன்றும் அவள் வேலை. மழை தொடங்கியிருந்த சமயம். அரக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு மடிப்பு படியிறங்கிப் போனதைப் பார்த்துவிட்டு, "அண்ணன் முதுகுல துணி கொஞ்சம் தாராளமா நிக்குதேக்கா. துணிக்கடைக்காரர் கூடுதலா கிழிச்சுக் குடுத்துட்டாரா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. டெய்லர் புருஷன் தொளதொளவென்று போனால் ஊர் எதைப் பார்த்துச் சிரிக்கும்? மறுநாள் அவர் மில்லுக்குப் போனதும் பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டுப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டாள். துணி லூசாக இருந்தால் பிடிக்க வேண்டும் என்பது முப்பது வருஷமாகக் கைக்குப் பழகிய பாடம். கை முந்திக்கொண்டது. ஏன் லூசாகிறது என்ற யோசனை பின்னால்தான் வந்தது.

வந்த யோசனையை அவள் உட்காரவைத்துப் பேசவில்லை. வெயில், வேலை, வயசு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பிவைத்தாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒரு பிடி, அதற்கப்புறம் இன்னொரு பிடி. அப்புறம் தோள்பட்டை இறங்கியது. தோளைத் தொட வேண்டுமென்றால் சட்டைக் கையைக் கழற்ற வேண்டும், அது அரை நாள் வேலை. ஏழு சட்டைக்கும் செய்தாள். துணியை மட்டும் வெட்டவில்லை, உள்ளே மடித்தே தைத்தாள். உடம்பு திரும்பிவிட்டால் பிரித்துவிடலாமே.

இடுப்பை மறைத்துவிடலாம், தோளையும் மறைத்துவிடலாம். கழுத்துதான் அவளைப் படுத்தியது. காலருக்குள் கழுத்து குச்சியாக நின்றது. கடைசியில் காலரைக் கால் அங்குலம் உயர்த்தி, பொத்தானைத் தள்ளி வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மடிப்பு அதைப் போட்டுக்கொண்டு போய்வந்த மறுநாளே இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். "டெய்லரம்மா, அண்ணன் போட்டிருந்தாரே, ஒசந்த காலர், அது மாதிரி எனக்கும் ஒண்ணு." ஒரு மாதத்தில் இருபத்தாறு உயர்ந்த காலர் தைத்தாள். மில் ஆட்கள் பாதிப் பேர் கழுத்தைத் திருப்ப முடியாமல் நடந்தார்கள். அதற்குப் பெயரே மடிப்புக் காலர் என்றாகிவிட்டது. ஒவ்வொரு காலரையும் அவள் தலை நிமிராமல் தைத்துக் கொடுத்தாள். மடிப்புக்கு மட்டும் ஒரே பெருமை.

"பாத்தியா, நம்ம போட்டா அது ஸ்டைலு" என்பார்.

"கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். ஒடம்பு கொஞ்சம் வாடின மாதிரி இருக்கு."

"வாடுனா சட்டை தொங்கும்ல. இங்க பாரு." கையைத் தூக்கிக் காட்டுவார். சட்டை எங்கேயும் தொங்காது. எப்படித் தொங்கும், அவள் தைத்ததாயிற்றே.

ஒரு சனிக்கிழமை மதியம் அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மில் பக்கத்து மாவு தெரு முழுக்கப் பறந்து, துணி மேலெல்லாம் படிந்தது. வெட்டிய துணிகளை உதறி உதறி மூடிக்கொண்டிருந்தபோது தராசுக்காரர் வந்தார். மில்லில் மூட்டைகளை நிறுத்து அனுப்புகிறவர், மடிப்பின் சிநேகிதர், அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

"அண்ணி, அண்ணன் வந்துட்டாரா?"

"ஒரே மில்லுல இருந்து வர்றீங்க, என்னைக் கேக்குறீங்க."

"குழாயடியில நிக்கிறாரு. குளிச்சு முடிக்க முக்கா மணி நேரம் ஆகும். அதான் அதுக்குள்ள வந்தேன்." ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்தார். ஃபேனைப் பார்த்தார். "இது நல்லா சுத்தலையே அண்ணி."

"அது அப்படித்தான் சுத்தும். வந்த விஷயத்தச் சொல்லுங்க."

"இன்னைக்கு மூட்டையக் கீழ போட்டுட்டாரு."

"யாரு?"

"அண்ணன்தான். லாரிக்கு ஏத்துற பலகையில பாதி ஏறுனவரு, முட்டி மடங்கி அப்படியே உக்காந்துட்டாரு. மூட்டை கிழிஞ்சு மாவு பூரா கொட்டிப்போச்சு. என்னண்ணேன்னா, செருப்பு வழுக்கிருச்சுங்கிறாரு. அவரு செருப்பே போடல அண்ணி."

காஜாக்காரி ஊசியை நிறுத்தினாள்.

"இன்னொண்ணு. சாப்பாட்டு நேரத்துல ஆளாளுக்கு என் தராசுல ஏறி நிப்பாங்க, ஒரு வெளையாட்டுக்கு. முன்னால எல்லாம் அண்ணன்தான் மொதல்ல ஏறுவாரு. எண்பத்திரெண்டுன்னு நான் சத்தமா சொல்லணும், அப்பதான் எறங்குவாரு. ஆறு மாசமா அந்தப் பக்கமே வர்றதில்ல. வேலை நேரத்துலயும் சட்டையக் கழட்டுறதில்ல. குளிக்கிறதுகூட எல்லாரும் போனப்புறம்தான். எதாவது ஒடம்புக்கா அண்ணி? ஆனா ஆளப் பாத்தா ஒண்ணும் தெரியலையே. சட்டையெல்லாம் அளவெடுத்த மாதிரி நிக்குது. அதான் எங்களுக்கே கொழப்பமா இருக்கு."

"நான் கேக்குறேன்" என்றாள்.

அவர் போன பிறகு காஜாக்காரி மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நான் காஜா எடுக்குறவ. சட்டைய உள்பக்கமாத்தான் எப்பவும் பாக்குறேன். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே."

"நீயே சொல்லாதப்ப நான் எப்படிச் சொல்றது?"

டெய்லரம்மாவுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. கொல்லைப்பக்கம் போனாள். கொடியில் அவர் துவைத்துப் போட்ட பனியன்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. சில மாதமாகப் பனியனை மட்டும் அவரே துவைத்துக்கொள்கிறார். புருஷனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். இப்போது எண்ணினாள். வெள்ளியும் வியாழனும் போட்டது, மொத்தம் நாலு. இரண்டு நாளைக்கு நாலு பனியன் எப்படி வரும்? முந்தின வாரங்களை நினைத்துப் பார்த்தாள். எப்போதும் இரண்டிரண்டாகத்தான் தொங்கியிருக்கின்றன.

ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். போன மாதம் பச்சைச் சட்டைக்கு அளவெடுத்தபோது மார்பு முப்பத்தேழு. நாற்பது இருந்த இடத்தில் முப்பத்தேழு, போகட்டும், மூன்றுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்த முப்பத்தேழு இரண்டு பனியனையும் சேர்த்து எடுத்த அளவு. டேப்பை வைத்து முப்பது வருஷம் பிழைத்தவள், புருஷன் உடம்பை அளக்காமல் பனியனை அளந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ரொட்டியைப் பாதி சாப்பிட்டுவிட்டு, முட்டையைத் தட்டின் ஓரம் ஒதுக்கிவிட்டு, சலூனுக்குக் கிளம்பினார். தலை தெருமுனையில் மறைந்ததும் அவள் ஏழு சட்டையையும் மேஜையில் போட்டாள். பிளேடை எடுத்துப் பக்கத் தையல், தோள் தையல், காலர்ப் பொத்தான் எல்லாவற்றையும் பிரித்தாள். உள்ளே மடித்துக் கிடந்த துணி மங்காமல் புதுசாக வெளியே வந்தது. பழைய கோட்டில் திரும்ப ஓட்டினாள். தையல் கோணவில்லை, அது அவள் தொழில். எட்டாவதான பச்சைச் சட்டை மட்டும் போன மாதம் புது அளவுக்கே வெட்டியது, பிரிக்க ஒன்றும் இல்லை. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாலரை மணிக்கு அவர் மீசை பளபளக்க வந்தார்.

"பச்சை எங்க?"

"பொட்டியில."

"எடு."

"எடுக்க மாட்டேன். வேற போடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நீலத்தை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். தோள் தையல் கையில் இறங்கிக் கிடந்தது. காலருக்குள் இரண்டு விரல் போகும் போலிருந்தது. கழற்றி எறிந்துவிட்டு அரக்கை எடுத்தார். அப்புறம் சாம்பல் நிறம். அப்புறம் கட்டம் போட்டது. ஒவ்வொன்றாகப் போடுவதும் கழற்றுவதும், கண்ணாடியைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக ஏழும் முடிந்தது. வெளியே ஆட்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பேச்சும் சிரிப்பும் ஜன்னல் வழியாக வந்தன.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஒண்ணும் பண்ணல. இதுதான் உங்க பழைய அளவு. எட்டு மாசமா நான்தான் புடிச்சுப் புடிச்சுத் தச்சேன். இன்னைக்குப் பிரிச்சுட்டேன்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. சட்டையின் பக்கத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பழைய தையல் போன தடம் ஊசி ஊசியாக இருந்தது. ஒரு வரி இல்லை, மூன்று வரி.

"மூணு தடவையா?"

"மூணு தடவ."

கட்டிலில் உட்கார்ந்தார். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சட்டை லூசாகுற மாதிரி இருந்துச்சு. உள்ள இன்னொரு பனியன் போட்டேன். சரியாயிடுச்சு. அப்புறமும் சரியாவே இருந்துச்சு. அப்ப ஒரு பனியன் கனம்தான் எளைச்சிருக்கோம், அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"நான் போன மாசம் அளந்தப்ப முப்பத்தேழு வந்துச்சு. நீங்க மூணுதான் எளைச்சீங்கன்னு நெனச்சேன். உள்ள ரெண்டு பனியன் இருக்கிறது எனக்குத் தெரியாதே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

வாசலிலிருந்து தராசுக்காரர் குரல் கொடுத்தார். "அண்ணே, எல்லாரும் நிக்கிறோம். வர்றீங்களா?"

"நீங்க போங்கப்பா. இன்னைக்கு வரல." குரலை மட்டும் மிடுக்காகத்தான் அனுப்பினார். அவர்கள் நகர்ந்ததும் அவள் பக்கம் திரும்பினார். "பச்சைய எடு. தயவு பண்ணி எடு. ஒரு நடை போயிட்டு வந்துடுறேன். நாளைக்கு நீ சொல்ற எடத்துக்கு வர்றேன்."

"இப்படித்தான் எட்டு மாசம் போச்சு."

"ஆளுங்க பாப்பாங்கடி."

"பாக்கட்டும். பாத்தாத்தான் கேப்பாங்க. கேட்டாத்தான் நீங்க பயப்படுவீங்க. நானே நாலு பேர் கண்ணையும் கட்டி வச்சிருந்தேன், அதான் யாருமே கேக்கல."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உங்களப் பாத்து சிரிக்கட்டும், நீங்க இல்லாம போயி எனக்காக ஊரு அழ வேண்டாம்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

அவர் எழுந்து நடந்தார், ஜன்னலை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு மேல் பனியனைக் கழற்றினார். உள்பனியனையும் கழற்றினார். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த உடம்பு அது. சில மாதமாக வீட்டிலும் பனியனைக் கழற்றாமலே இருந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. மூட்டை சுமந்து காய்த்த தோள் மட்டும் பழைய தோளாக இருந்தது.

"இந்தா, அள."

"வேண்டாங்க."

"அளன்னா அள. ஊர்ல எல்லாரையும் நிக்க வச்சு அளக்குற."

டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். முனை தொட்ட எண்ணைப் பார்த்தாள். டேப்பை விட்டு மறுபடி பிடித்துப் பார்த்தாள்.

"சொல்லு. மத்தவங்களுக்கெல்லாம் சத்தமா சொல்லித்தானே எழுதுவ."

"முப்பத்தி நாலரை" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு மூட்டையின் எடையைக் கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டார். "பரவாயில்ல" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவரே நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு பனியன்தான் உள்ளே. மில்லுக்குப் போகிற நேரம், தெரு முழுக்க ஆட்கள். படியில் இறங்கும்போது அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பழக்கமில்லாத வேலை அது, அவளுக்குக் கூச்சமாக இருந்தாலும் விடவில்லை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைக் கூடாரமாக ஊதியது. உயர்ந்த காலர் போட்ட ஒருத்தன் எதிரே வந்து, பார்த்து, வணக்கம் சொல்ல மறந்து நின்றான். டீக்கடையில் பேச்சு நின்றது. காஜாக்காரி தன் வாசலில் விளக்குமாறோடு நின்றவள், ஒன்றும் கேட்காமல், "கடைய நான் பாத்துக்கிறேன்க்கா" என்றாள். மடிப்பு யாரையும் பார்க்காமல், தலையைக் குனியவும் குனியாமல் நடந்தார். வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் முடிகிற தெரு அன்றைக்கு முடியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டம். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுந்து எழுந்து போய் எத்தனையாவது நம்பர் என்று கேட்டு வந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண், சுறுசுறுப்பானவள். எடை பார்த்தாள், மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கேட்டாள், முதுகில் இரண்டு இடத்தில் திரும்பத் திரும்ப ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"இன்னைக்கே எக்ஸ்ரே எடுக்கணும். ரத்தமும் குடுத்துட்டுப் போங்க. எவ்வளவு நாளா எளைக்கிறீங்க?"

"ஒரு மாசம் இருக்கும்" என்றார் மடிப்பு.

"எட்டு மாசம்" என்றாள் டெய்லரம்மா. "மழை ஆரம்பிச்சப்ப மார்பு நாப்பது. ரெண்டு மாசத்துல முப்பத்தொம்பது. அப்புறம் தோள் எறங்குச்சு, ஒரு பக்கம் முக்கால் அங்குலம். கழுத்து பதினாறுல இருந்து பதினாலேகால். போன மாசம் மார்பு முப்பத்தேழுன்னு எடுத்தேன், அது தப்பு. நேத்து வெறும் ஒடம்புல முப்பத்தி நாலரை."

டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள். "இவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?"

"நான் டெய்லர்."

"அப்ப உங்களுக்கு மொதல்ல இருந்தே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா கூட்டிட்டு வரல? ஒரு மூணு நாலு மாசம் முன்னால வந்திருந்தீங்கன்னா..." டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியதை டெய்லரம்மா வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"அவளக் கேக்காதீங்க டாக்டர். நான் நல்லா இருக்கணும்னுதான் தச்சா. இந்த எட்டு மாசமும் நான் ரொம்ப நல்லா இருந்தேன். வேணும்னா எங்க தெருவுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

குத்திக் காட்டுகிறாரோ என்று அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. மனசார, பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.